மோட்டார்கள் ஓய்ந்த கிணறு

அன்று கிணற்றடியில் உங்களைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. பெரியப்பா என்ற மரியாதையால் அல்ல. அப்பா என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார்.

இன்று பக்கத்துக் காட்டில் ஆழ்துளைப் போர் போடும் ரிக் லாரி நிற்கிறது. ஈரக் கல்மாவின் வாசம் ஜன்னல்வரை வருகிறது. உங்கள் சட்டையிலும் இதே வாசம்தான். இந்தப் பக்கத்தில் பாதிப் போர்கள் உங்கள் ரிக் போட்டவை.

நிலத்தடி நீர்மட்டம் பார்க்க மாதாமாதம் ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு ஓர் அதிகாரி வருவார். நாடாவை இறக்கி, நனைந்த இடத்தைக் குறித்துக்கொள்வார். மட்டம் ரொம்ப இறங்கிவிட்டால் புதுப் போருக்கு அனுமதி கிடையாது. அதனால் முந்தின நாளே எல்லாத் தோட்டத்து மோட்டாரையும் நிறுத்தச் சொல்லிவிடுவீர்கள். விடிவதற்குள் கிணற்றில் ஊற்று ஏறிவிடும். விருந்தாளி வருமுன் வாசல் தெளிப்பதுபோல ஊருக்கே அது பழகிவிட்டது.

அந்த மாதம் உங்கள் கோழிப்பண்ணைக்குப் போர் வேண்டும், அதுவும் எங்கள் வரப்பை ஒட்டி. எங்கள் கிணற்றை நம்பித்தான் அப்பாவின் தென்னைகள் நின்றன. அளக்கும் நாளில், அதிகாரி வருமுன், கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"இது ஏமாத்துங்க பெரியப்பா. மோட்டார் ஓடட்டும், இருக்கறத அளக்கட்டும்."

"ஏஞ்சாமி, உன்னையப் பொண்ணு பாக்க வந்தா மூஞ்சி கழுவாமயா நிப்பே?"

"கழுவுனாலும் அது என்ற மூஞ்சிதானுங்க. இது இரவல் நகை."

"அப்ப உனக்கு நகையே போட வேண்டாம். உங்கொப்பனுக்குச் செலவு மிச்சம்!"

ஊர் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

வந்து அளந்துவிட்டு, நாடாவைச் சுற்றிக்கொண்டே அதிகாரி கேட்டார்: "மோட்டாரெல்லாம் எப்பவும்போல ஓடுதுங்களா?"

"ஆமாங்க," என்றீர்கள், என்னைப் பார்த்துக்கொண்டே. அப்போதுதான் என் முழங்கையில் அப்பாவின் பிடி விழுந்தது.

இறந்தவரைப் பழிக்கக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. பூமிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்பது உங்களுக்கு ஒருநாளும் கேள்வியாக இருந்ததில்லை. இருப்பதாக எழுதினால் போதும்.

அனுமதி வந்தது. போர் போட்டீர்கள். அந்தச் சித்திரையில் எங்கள் கிணறு வற்றியது. அப்பா தென்னைகளை வெட்டி விற்றார். ஆடி பிறக்குமுன் உங்கள் போரிலும் காற்றுதான் வந்தது. மறு வருடம் நீங்கள் இறந்தீர்கள். உங்களைக் குளிப்பாட்ட, பள்ளிபாளையத்திலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் வந்தது.