நாலாவது சக்கரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வேளைக்கு மாத்திரை போடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். கையில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது, ஆறிவிட்டது.

எல்லாம் இங்கே பட்டறையில் கார்களின் அலுமினியச் சக்கரம் கழுவுகிற ஆசிட்டால்தான். சக்கரம் சூடாக இருக்கும்போது ஆசிட்டை அடித்தால் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். போன மாதம் இதைச் சொன்னதற்கு எங்கள் சூப்பர்வைசர், "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருடா" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். அடித்தேன், திட்டு விழுந்தது. நான் சரியாக அலசவில்லை என்று பழியை என் தலையில் கட்டி, கையுறையையும் பிடுங்கிக்கொண்டான்.

நேற்று தன் புதுக் காரை ஓட்டி வந்து நிறுத்தினான். "ஆசிட் அடி" என்றான். சக்கரம் தொட முடியாத சூடு. நான் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன், அப்பா. நாலு சக்கரத்திலும் அம்மை போட்ட மாதிரி திட்டு!

"ஏன்டா சொல்லல?"

"நீங்கதானே சார் வாயை மூடச் சொன்னீங்க?"

பட்டறையே சிரித்துவிட்டது.

இப்போது நான்தான் அதைத் தேய்த்து எடுக்க வேண்டுமாம். மெத்தென்ற துணி வேண்டும். இங்கிருந்து ஊருக்கு லீவில் வந்திருக்கும் எங்கள் பட்டறை வெல்டரிடம் உங்கள் பழைய பனியன் இரண்டு கொடுத்தனுப்புங்கள். தேய்க்க ஒன்று போதும். இன்னொன்று எனக்கு, அதைத் துவைக்க வேண்டாம்.

வேலைக்குக் கூட்டிப்போக வேன் வந்துவிட்டது. பனியன் வந்ததும் மூன்று சக்கரத்தைக் கண்ணாடியாக்கிவிடுவேன். டிரைவர் பக்கத்து முன்சக்கரம் மட்டும் என்ன தேய்த்தாலும் போகவில்லை என்று சொல்லிவிடுவேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கட்டும்.

உங்கள் மகன்