அன்று வந்திருந்த மாணவியை வரவில்லை என்று பதிந்தது குறித்து

அனுப்புநர்:
ஆங்கில ஆசிரியை,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வகுப்பாசிரியை,
அரசு உயர்நிலைப் பள்ளி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: நவம்பர் 12 அன்று பள்ளிக்கு வந்த மாணவியை 'வரவில்லை' என்று பதிவேட்டில் குறித்தது – பதிவையும் விசாரணை அறிக்கையையும் திருத்தக் கோருதல் – என் பெயரில் அனுப்பப்பட்ட வகுப்பறை நடைமுறைகளைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 'முன்மாதிரி ஆங்கில வகுப்பு' குறித்த தங்கள் சுற்றறிக்கை. 2. மாணவியின் விபத்து மரணம் குறித்த விசாரணை அறிக்கை. 3. என் கடிதத்தின் மீது தலைமையாசிரியர் எழுதிய 'முடிந்த விஷயம்' என்னும் குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினேழு ஆண்டுகளாக இப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். இம்மனுவில் புகார் கூறுபவரும் புகாருக்கு உள்ளானவரும் ஒருவரே. ஆகவே இது வழக்கமான மனுவைப் போல் ஒழுங்காக அமையாமல் போகலாம். பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. நான் பொறுப்பேற்றபோது 'ஆ' பிரிவு சந்தைக்கடையாக இருந்தது. எட்டு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மணி அடித்ததும் வாசலில் வரிசையாக நின்று, ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி உள்ளே வர வேண்டும். பலகையில் உள்ள கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் ஐந்து வரி, வாய் திறக்காமல் எழுத வேண்டும். சந்தேகம் என்றால் ஒரு விரல், வெளியே போக இரண்டு விரல். நான்காம் விதி: ஒன்பது ஐந்துக்குக் கதவு சாத்தப்படும். அதன்பின் தட்டினால் திறக்கப்படாது. உள்ளிருப்போர் திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஐந்தாம் விதி: மாதத்தில் மூன்றாம் முறை தாமதமாக வருபவர், பெற்றோரை அழைத்து வந்தால்தான் வகுப்பில் அமரலாம்.

ஒரே பருவத்தில் வகுப்பு பெட்டிப்பாம்பாக அடங்கியது. தாங்களே நேரில் வந்து பார்த்து, "ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும் போலிருக்கே டீச்சர்" என்று பாராட்டினீர்கள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அதையும் மறைக்க விரும்பவில்லை.

3. அந்த மாணவியை வகுப்பில் 'அரைப்புள்ளி' என்று அழைப்பார்கள். முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி வைப்பாள். ஏன் என்று ஒருமுறை கடிந்தேன். "முடிச்சுடறதுக்கு மனசே வரல டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். தந்தை இல்லை. தாய் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர். வீட்டுக்கு ஒரே சாவி. தாய் திரும்பி வந்து சாவியை வாங்கிய பிறகே மகள் புறப்பட முடியும். இந்தச் சாவி விவரம் எனக்கு அப்போது தெரியாது. நான் கேட்டதில்லை என்பதே சரி. அந்த மாதத்தில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம்.

4. நவம்பர் 12 காலை மழை. ஒன்பது ஐந்துக்குக் கதவைச் சாத்தினேன். ஒன்பது ஏழுக்குக் கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, மெதுவாக. எனக்குக் கேட்டது ஐயா. கேட்காதவள் போல் வருகைப் பதிவேட்டை எடுத்து அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்தேன்.

மூன்றாம் முறை தாமதம் என்பதால் அவள் தாயை அழைத்துவரத் திரும்பிப் போயிருக்கிறாள். பக்கவாட்டுக் கம்பிக் கதவு அன்று பூட்டப்படவில்லை. பேருந்து நிலையத்துத் திருப்பத்தில் சிமெண்டு லாரி மோதியபோது மணி ஒன்பது இருபது. பள்ளிக்குச் செய்தி வந்தது பிற்பகலில்தான்.

5. விசாரணையில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: மாணவி அன்று வருகை தந்தாரா? பதிவேட்டில் உள்ளபடி இல்லை என்றேன். முந்தைய நாளே தலைமையாசிரியர் என்னை அழைத்து, "நீங்க போட்டதுதான் ரெக்கார்டு. அதுக்கு மேல வாயத் திறந்தா உங்க வேலையும் போகும், பள்ளிக்கூடத்துப் பேரும் போகும்" என்று சொல்லியிருந்தார். அவர் மீது பழி போட்டு நான் தப்பிக்க எண்ணவில்லை. வாய் என்னுடையது.

'மாணவி பள்ளிக்கு வராமல் வேறிடம் செல்லும் வழியில் விபத்துக்குள்ளானார்' என்று அறிக்கை முடிந்தது. 'வேறிடம்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இடம் பேருந்து நிலையத் திருப்பம், கையில் பை. யாருடனோ ஊரைவிட்டுப் போகக் கிளம்பியவள் என்று அவள் தெருவில் பேசிக்கொண்டார்கள். செத்துப்போன பெண்ணுக்கு இல்லாத காதலனை ஆளுக்கொரு பெயரில் உண்டாக்கினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களே தாயிடம், "பொண்ணக் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்" என்றார்களாம்.

6. ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் பள்ளிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சலவைச் சோடாவில் வெந்த கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, "டீச்சர், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ அன்னிக்கு வந்தாளா, வரலையா?" என்று கேட்டார். பதிவேட்டைத் திறந்து அந்தக் கட்டத்தை அவரிடம் காட்டினேன். படித்துப் பார்த்தார். "காலையில எங்கிட்ட சாவியக் குடுத்துட்டு ஓடினாளே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

7. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நடப்பதை மட்டும் சொல்கிறேன். விபத்துக்கு மறுநாள் முதல் நான் கதவைச் சாத்துவதில்லை. கதவு விரியத் திறந்தே கிடக்கிறது. ஆனாலும் ஒன்பது ஏழு ஆனதும் முப்பத்தெட்டுப் பேனாக்களும் நிற்கின்றன. யாரும் சொல்லி நிற்பதில்லை. ஜனவரியில் அலுவலக உதவியாளர் சுற்றறிக்கையுடன் வந்து, திறந்திருந்த கதவை மரியாதைக்காகத் தட்டினார். ஒரு பிள்ளைகூடத் தலை நிமிரவில்லை, இன்னும் குனிந்துகொண்டார்கள். "பாருங்கப்பா, பாக்கலாம், தப்பில்ல" என்றேன். முன்வரிசைப் பெண் மேசையைப் பார்த்தபடியே, "வேண்டாம் டீச்சர்" என்றாள்.

அவர் கையிலிருந்தது பார்வை 1-இல் கண்ட சுற்றறிக்கை. என் எட்டு விதிகளும் என் பெயருடன் அச்சாகி எல்லாப் பள்ளிகளுக்கும் போயிருந்தன. நான்காம் விதியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

8. சென்ற மாதம் பழைய குறிப்பேடுகளைப் பழைய தாளோடு கழித்துவிடும்படி உத்தரவு வந்தது. கட்டை அவிழ்த்துப் பிரித்தேன். நவம்பர் 12 அன்று நான் பலகையில் எழுதியிருந்த கேள்வி: 'இப்போது உன் காதில் விழும் ஓசைகளைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுக.' ஆங்கிலத்தில் நிகழ்காலத் தொடர்வினையைப் பழக்குவதற்கான பயிற்சி. மழை பெய்துகொண்டிருக்கிறது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். முப்பத்தொரு குறிப்பேடுகளில், யாரோ கதவைத் தட்டுவதாகவும் இருந்தது. சன்னலோரம் அமரும் மாணவன், 'அரைப்புள்ளி வெளியே நிற்கிறாள், அவள் தலைமுடி நனைந்திருக்கிறது' என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி, 'அவள் தட்டுகிறாள்' என்று எழுதியிருந்தாள்.

அந்தச் சொல்லை நான் சிவப்பு மையால் அடித்து, 'தட்டிக்கொண்டிருக்கிறாள்' என்று திருத்தியிருக்கிறேன். கீழே 'நன்று' என்று எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறேன். அன்று மதிய இடைவேளையில், செய்தி வருவதற்கு முன்பு, முப்பத்தெட்டையும் திருத்தி முடித்திருந்தேன். இலக்கணம் பார்த்தேன் ஐயா. வேறெதையும் பார்க்கவில்லை.

9. இதைக் காட்டிப் பதிவைத் திருத்தக் கேட்டதற்குத்தான் தலைமையாசிரியர் பார்வை 3-இல் கண்டவாறு எழுதினார். மேற்படி முப்பத்தொரு குறிப்பேடுகளையும் இம்மனுவுடன் இணைத்துள்ளேன். என் திருத்தங்கள் உள்ளபடியே உள்ளன.

10. அதன்பின் நேற்றுக் காலை அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர், "அப்போ, என்னைக் கூப்பிடத்தான் வந்துட்டிருந்தா" என்றார். பிறகு செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "எம் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குத்தான் போனா. டீச்சரே வந்து சொல்றாங்க, கேளுங்க" என்று உரக்கச் சொன்னார். பின்னாலேயே நடந்து நானும் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். சிலர் உள்ளே போய்விட்டார்கள். கடைசி வீட்டுக்காரர், "வாயால சொன்னா ஆச்சா? கவர்மெண்டு பேப்பர்ல வராம போனதாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

11. ஆகவே, பதிவேட்டையும் விசாரணை அறிக்கையையும் திருத்தும்படியும், சுற்றறிக்கையிலிருந்து நான்காம், ஐந்தாம் விதிகளையும் என் பெயரையும் நீக்கும்படியும் வேண்டுகிறேன். விசாரணையில் உண்மையை மறைத்ததற்காக என் மீது தக்க நடவடிக்கை எடுக்கும்படியும் வேண்டுகிறேன். இவற்றுக்குத் தாங்கள் வேண்டிய காலம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காலம் தாழ்த்த வேண்டாம். அலுவலக முத்திரையுடன் ஒரு தாள் அந்தத் தாயின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்தத் தெருவில் நடக்கக் காத்திருக்கிறார். நீண்ட விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. 'இம்மாணவி அன்று பள்ளிக்கு வந்தார்' என்ற ஒரு வரி போதும்.

இடம்: பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு அறை
நாள்: மார்ச் 19

தங்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட,
(ஒப்பம்)
ஆங்கில ஆசிரியை