இரண்டாம் ஏட்டைத் தொடற்க

முதல் முடிச்சை மட்டும் அவிழ்க்க. இரண்டாம் ஏட்டைத் தொடற்க. குதிரைக்குத் தண்ணீர் காட்டுமுன் படிக்க.

வெண்குன்ற நாட்டின் பேரருவி அணையையும் மின்நிலையத்தையும் காக்கும் ஏனாதி விறல்வேளார் திருமுன், அரண்மனை விண்காவல் நாயகி பூதங்கண்ணி விடுக்கும் ஓலை. அணை நிறைக, கரை நிலைக்க, தங்கள் குடி வாழ்க.

செய்தி நல்லதன்று. நிலவுக்கு நான்கு மடங்கு அப்பால் நின்று, சூரியக் காற்றை முகர்ந்து சொல்லும் முன்கூவி என்னும் செயற்கைக்கோள், இன்று உச்சிப்பொழுதில் இரண்டு முறை அலறிவிட்டு வாயடைத்துப் போயிற்று. அலறியது பெரும்புயலைக் கண்டு. அடங்கியது அப்புயல் அதன் கண்ணை அவித்ததால். புயல் மண்ணைத் தொட ஒன்றரை நாழிகை. அதில் ஒரு நாழிகையைக் குதிரை தின்றிருக்கும்.

தொலைபேசியில் சொல்லித் தொலைத்தால் என்ன என்று ஏனாதியார் முனகுவது இங்கே கேட்கிறது. பகைவன் மன்னர் குரலில் பேசி நாட்டை இருளாக்கிய ஆண்டில், அரக்கு முத்திரையிட்ட ஓலையன்றி வேறெதற்கும் மின்னை நிறுத்தலாகாது என்று சட்டம் எழுதியவர் தாங்களே அன்றோ.

இது ஐப்பசி, அணை விளிம்பைத் தொட்டு நிற்கிறது. மின்வடங்களில் சூரியப் புயல் ஏறினால் மின்மாற்றிகள் வேகும், மதகுப் பொறிகள் கருகும். மதகு திறவாவிடில் அணை உடையும். கீழே தாழ்வூரில் நாலாயிரம் குடிகள். ஆதலின் வடங்கள் அனைத்தையும் இக்கணமே துண்டிக்க. கடைசி விளக்கும் அணைந்தபின் இரண்டாம் முடிச்சை அவிழ்க்க. அரக்கின் சூடு ஆறுமுன் ஆணை நிறைவேறுக. முத்திரை காண்க.

*இரண்டாம் ஏடு*

விளக்குகள் அணைந்திருக்கும். இனி உண்மை.

முன்கூவி அலறியதும் பூதங்கண்ணி அவைக்கு ஓடினாள். அங்கே இளவரசிக்கு முடிசூட்டு விழா. முன்கூவி பேசாதிருந்தால் வானம் அமைதி என்பதுதானே தொன்றுதொட்ட வழக்கம் என்று மன்னர் வினவியருளினார். கழுத்து நெரிபட்டவனும் பேசாதுதான் இருப்பான் என்று அவள் விண்ணப்பித்தாள். நாயகிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது, ஒரு குவளை மோர் கொடுங்கள் என்று அமைச்சர் ஒருவர் மொழிய, அவையே நகைத்தது. முடிசூட்டு நாளில் நகர் இருண்டால் அபசகுனம் என்று மன்னர் ஓலை மறுத்து, விருந்துக்கு எழுந்தருளினார். முத்திரை மேசைமேல் இருந்தது.

ஏனாதியார் ஏமாற்றப்பட்டார்; அவர்மேல் குற்றமில்லை. அதற்கு இவ்வேடே சாட்சி; பத்திரமாய் வைக்க.

களவு முத்திரை இட்டவரை, ஓலை பெற்றவரே அணை முகட்டிலிருந்து தள்ளுக என்பது தாங்கள் எழுதிய சட்டத்தின் அடுத்த வரி. அவளைத் தேடித் தலைநகருக்கு ஆள் விட வேண்டா. புழுதி படிந்த முகத்தோடு, கடிவாளத்தைப் பிடித்தபடி தங்கள் வாயிலில் நிற்பவள் தூதி அல்லள்.