கீழ் வீட்டு மீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

நேற்று காலை 4175.6. இன்று காலை 4187.0. ஒரே நாளில் 11.4 யூனிட்.

மூன்று பேர் இருக்கிற வீடு. நான், என் கணவர், என் தங்கச்சி. மூன்று பேர் சேர்ந்து அப்படி என்னதான் செய்கிறோம்?

இந்த வம்பை விலைக்கு வாங்கியவள் நான்தான். நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு மூன்று பை பிளாஸ்டிக்கைத் தூக்கி எறிகிறோம். ஊசி, குழாய், கையுறை. அதைக் குறைக்க வழியில்லை, வீட்டுக் கரண்டையாவது குறைப்போமே என்று அங்கே வேலை செய்யும் ஆறு பேர் பெயரையும் ஒரு தாளில் எழுதி சாம்பிள் ஃப்ரிட்ஜ் கதவில் நானே ஒட்டினேன். தினமும் அவரவர் வீட்டு யூனிட்டை எழுத வேண்டும். வரவேற்பில் இருக்கும் பெண் 3.9. ரத்தம் எடுக்கிற அக்கா வீட்டில் ஐந்து பேர், 4.6. நான் 11.4.

"என்னடி, வீட்ல ஐஸ் ஃபேக்டரி நடத்துறியா?" என்று அக்கா எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்து வைத்தேன். காது சுட்டது.

மார்ச் 5, வியாழன்

ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இவ்வளவுதான் கணக்கு. இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன் என்று ஒவ்வொரு சாமானாகப் பின்பக்கம் திருப்பி வாட்டைக் குறித்தேன். ஃப்ரிட்ஜ், மூன்று ஃபேன், விளக்குகள், டிவி, குளியலறை ஹீட்டர், தங்கச்சியின் தையல் மெஷின், அவளுடைய இஸ்திரிப் பெட்டி. எப்படிக் கூட்டினாலும் நாலரையைத் தாண்டவில்லை.

மீதி ஏழு எங்கே போகிறது? சுவர் குடிக்கிறதா?

கணவரிடம் காட்டினேன். "வாடகையிலேயே கரண்டும் அடக்கம். உனக்கு எங்க வலிக்குது?" என்றார். அவருக்கு எதைச் சொன்னாலும் இப்படித்தான். பணத்தைப் பற்றி நான் பேசவே இல்லையே.

மார்ச் 8, ஞாயிறு

இன்று முதல் சட்டம். போன் சார்ஜரைச் சுவரில் விட்டுவைக்கக் கூடாது. டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சையும் அணைக்க வேண்டும். ஆள் இல்லாத அறையில் விளக்கு கூடாது. ஹீட்டர் ஐந்து நிமிடம், அதற்கு மேல் கூடாது.

சாயங்காலம் கணவர் விளக்கில்லாத ஹாலில் மேஜையில் முட்டிக்கொண்டு, "பூமியைக் காப்பாத்து, என் முட்டியையும் கொஞ்சம் காப்பாத்து" என்றார். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். புருஷன் வீட்டை விட்டு ஒரு பெட்டியோடும் தையல் மெஷினோடும் அவள் இங்கே வந்து ஆறு மாதம் ஆகிறது. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாள்.

மார்ச் 9, திங்கள்

12.1. ஏறியிருக்கிறது!

மார்ச் 14, சனி

எங்கள் கீழ் வீட்டு மீட்டரும் மேல் வீட்டு மீட்டரும் மாடிப்படிக்குக் கீழே ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டிக்குப் பெயின்ட் அடித்தபோது ஒன்றின் மேல் 'கீழ்', மற்றதன் மேல் 'மேல்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். இரண்டு நாளாக மேல் வீட்டு மீட்டரையும் பார்க்கிறேன். 4.4, 4.3. பெரிய குடும்பம், கனமான திரைச்சீலை, கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். எப்படி முடிகிறது?

வெட்கத்தை விட்டுப் படியில் மேல் வீட்டு அம்மாவைக் கேட்டேன். "நாங்க எப்பவுமே சிக்கனம்தாம்மா, பழகிட்டோம்" என்றார், ரொம்பப் பெருமையாக. எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான் எங்கே கோட்டை விடுகிறேன்? சமையலறையில் எதுவும் இல்லை. குளியலறையில் எதுவும் இல்லை. பகலில் வீட்டில் இருப்பவள் தங்கச்சி ஒருத்திதான்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வேலையிலிருந்து வந்தபோது தங்கச்சி துணிக்கடைக்காரருக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய பத்துப் பன்னிரண்டு கால்சட்டைகளை மடிப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட். "பகல் பூரா இதான் ஓடுதா?" என்றேன். "ஒரு மணி நேரம்கூட இருக்காதுக்கா" என்றாள். "அப்ப மீதி எங்க போகுது? மேல் வீட்டைப் பாரு, அவ்வளவு பேரு இருக்காங்க, நாலு யூனிட்!" என்று கத்தினேன். ஒயரைப் பிடுங்கினேன். பெட்டி ஆறும்வரை பக்கத்திலேயே நின்று, அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அக்கா, நான் மூச்சு விடறதுக்கும் ஏதாவது யூனிட் இருக்கா?"

துணி மாற்றப் போய்விட்டேன். நான் சொன்னதில் என்ன தப்பு? எண் என்ன சொல்கிறதோ அதைத்தானே சொன்னேன். எண்ணுக்கு என் தங்கச்சி, உன் தங்கச்சி என்றெல்லாம் தெரியுமா?

மார்ச் 21, சனி

தங்கச்சி போய்விட்டாள். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்ததாம். சண்டை போடவில்லை. "உங்களுக்கும் தொந்தரவு இல்லாம இருக்கும்" என்றாள். கணவர்தான் மெஷினை வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்.

தங்கச்சி இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் இல்லை. சாவி என் கைப்பையிலேயே இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

11.8.

மார்ச் 23, திங்கள்

11.9. அவள் இல்லை. மெஷின் இல்லை. அவள் அறையில் ஃபேன் இல்லை, விளக்கு இல்லை. அப்படியும் 11.9. அவள் இல்லையென்றால் வேறு யார்? நானா? தூக்கத்தில் எழுந்து ஹீட்டர் போடுகிறேனா?

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. அப்படியானால் அவளை எதற்காக...

மார்ச் 25, புதன்

பரிசோதனைக் கூடத்தின் மூத்த டெக்னீஷியன் தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மெஷின் ரீடிங் புரியலைன்னா நாம முதல்ல என்ன செய்வோம்?" என்றார்.

"ரத்தமே இல்லாம வெறும் குழாயை வச்சுப் பார்ப்போம் சார். பூஜ்ஜியம் காட்டணும்."

"வீட்ல வச்சுப் பாத்தியா?"

இல்லை. பதினாறு வருடம் இதே வேலை. வெறும் குழாய் வைக்காமல் ஒரு நாளும் மெஷினைத் தொட்டதில்லை. வீட்டில் அந்தப் புத்தி எங்கே போயிற்று?

மார்ச் 28, சனி

காலையில் கணவரை மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நான் படிக்கட்டுக்கு அடியில் குந்தினேன். "அணைங்க" என்று கத்தினேன். அணைத்தார். வீடு முழுக்க நின்றுவிட்டது, ஃப்ரிட்ஜ் உட்பட.

'கீழ்' என்று எழுதிய மீட்டரில், கரண்ட் ஓடும்போது மட்டும் மின்னும் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டே இருந்தது. பக்கத்து மீட்டரின் புள்ளிதான் மின்னாமல் நின்றது.

"போடுங்க." பக்கத்துப் புள்ளி மின்னியது. "அணைங்க." நின்றது. ஐந்து முறை செய்து பார்த்தேன். ஆறாவது முறை கணவர் உள்ளேயிருந்து, "இன்னும் எத்தனை தடவைடி?" என்றார்.

பெயின்ட் அடித்தவர் மாற்றி எழுதியிருக்கிறார். நான் இத்தனை நாளும் குறித்தது மேல் வீட்டாருடைய யூனிட். அந்தக் கனமான திரைச்சீலைகளுக்குப் பின்னால் இரண்டு ஏசி ஓடுகிறதாம், கணவருக்கு முன்பே தெரியுமாம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு குழாயிலும் ஒட்டிய பெயர் அந்த ஆளுடையதுதானா என்று மூன்று முறை சரிபார்ப்பவள் நான். பெயர் மாறிப் போனால் யாரோ ஒருவர் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுவார் என்று புதிதாக வருகிறவர்களை மிரட்டுபவளும் நான். படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மேல் வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

விடுதிக்குப் போனேன். இஸ்திரிப் பெட்டியையும் கொண்டுபோனேன். வாசலிலேயே காவலாளி தடுத்தார், விடுதிக்குள் அதற்கு அனுமதி இல்லையாம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்வையாளர் பெஞ்சில் தங்கச்சியோடு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர் மாறிப் போனது, ஐந்து முறை பார்த்தது, எல்லாம். மன்னிப்புக் கேட்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீட்டர் தப்பா இருந்துச்சு, அதனால ஸாரி. சரி. அது சரியா இருந்திருந்தா?" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். தெரியவில்லை. சரியாக இருந்திருந்தால் அந்தச் சாவி இன்னும் என் பையில்தான் இருந்திருக்குமோ? அதை நினைத்தால்தான் என்னைக் கண்டால் எனக்கே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

எங்கள் உண்மையான மீட்டர் 3.5 காட்டுகிறது. அவள் இருந்தபோது 4.4. அவளுடைய தையல், தேய்ப்பு, ஃபேன், விளக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 0.9.

தாளில் எல்லாரையும் விடக் குறைவு இப்போது நான்தான். அக்கா கைதட்டினார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தட்டாதீர்கள் என்று கத்த வேண்டும் போல் இருந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். தங்கச்சி, தோளில் பெரிய துணி மூட்டை. "அங்க தேய்க்க விடமாட்டாங்கக்கா. நாளைக்குக் கடைக்குக் குடுக்கணும்" என்றாள். மூன்று மணி நேரம் தேய்த்தாள். சாப்பிட்டாள். ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டாள். அவளிடம் கேட்க நினைத்தது எதையும் கேட்கவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் கிழிந்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினேன். தினமும் கால் யூனிட் போல மிச்சம். இதுதான் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை. படியில் நிற்கும்போதெல்லாம் மேல் வீட்டு அம்மா இப்போது வேறு பக்கம் பார்க்கிறார்.

ரத்தம் எடுக்கிற அக்கா தாளில் விரல் வைத்துக் கேட்டார். "வாரம் பூரா மூணேகால். ஞாயித்துக்கிழமை மட்டும் அஞ்சரை, ஆறுன்னு எகிறுதே, என்ன விஷயம்?"

"என் தங்கச்சி வர்ற நாள்க்கா."

"அதையும் கொஞ்சம் குறைக்கப் பாரேன்."

"அதைக் குறைக்க மாட்டேன்" என்றேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

சாயங்காலம் தங்கச்சி போன் செய்தாள். துணி நிறைய சேர்ந்துவிட்டதாம், இந்த வாரம் சனிக்கிழமை மத்தியானமே வந்துவிடுகிறாளாம். அவள் அறைத் தலையணைக்குப் புது உறை போட்டேன். இனி சனிக்கிழமையும் ஏறும்.