முப்பத்தெட்டாவது வெற்றி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பாப்பா மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, எனக்கு மூட்டுவலி கூடவும் இல்லை குறையவும் இல்லை, சின்னவள் வழக்கம்போல் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் ஆடச் சொல்லிக்கொடுத்துவிட்டு வெயிலில் கறுத்து வருகிறாள், தொப்பி போடு என்றால் காதில் வாங்குவதில்லை. மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம் என்று உன் பரிசுக் கோப்பைகளைக் கூடத்துக்கு இறக்கியதில் வருகிறவர்கள் அவற்றின் நடுவில் ஒடுங்கித்தான் உட்காரவேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வந்த டென்னிஸ் சங்கத்துப் பெண்ணும் அப்படித்தான் உட்கார்ந்தாள். உன் சாதனைகளைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். இருநூற்றுப் பன்னிரண்டு வாரம் முதலிடம், பதினான்கு பெரிய பட்டம், தொடர்ந்து எண்பத்தொரு வெற்றி, எல்லாவற்றையும் என்னிடம் சரிபார்த்தாள். உனக்குப் பயிற்சி கொடுத்தவள் நான்தானே, கேட்டதற்கெல்லாம் மளமளவென்று சொன்னேன். முப்பத்தெட்டாவது வெற்றியில் அவள் பென்சில் நின்றது. நீயும் சின்னவளும் மோதிய அரையிறுதி. முதல் செட்டை ஆறுக்கு இரண்டு என்று ஜெயித்த சின்னவள் அடுத்த இரண்டு செட்டிலும் சேர்த்து ஒரே ஒரு கேம்தான் எடுத்திருக்கிறாளே, என்ன ஆயிற்று என்று கேட்டாள். வயிற்றுவலி என்றேன், அன்றைக்குப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன அதே பதில். சமையலறையில் சின்னவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்திச் சத்தம் நின்றுபோனது. அந்தப் பெண் போனதும் கதவில் சாய்ந்துகொண்டு, "இன்னும் எத்தனை வருஷத்துக்கும்மா எனக்கு வயித்துவலி?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவளுக்கு வயிற்றுவலி இல்லையடி. முதல் செட் முடிந்து அவள் முகம் கழுவப் போனபோது நான் நடைவழியில் நின்றேன். கூட வந்த அதிகாரிக்கு நம் பேச்சு புரியாது, துண்டு கொடுக்க வந்ததாக நினைத்திருப்பாள். "அக்காவோட கணக்கை நீ உடைச்சிடாதே, உனக்கு இன்னும் வயசு இருக்கு" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பத்தொன்பது வயது, ஈர முகத்தோடு என்னைப் பார்த்தாள், துண்டைக்கூட வாங்காமல் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு பந்தெல்லாம் வலையில். தொடர் வெற்றியில் பழைய சாதனையை நீ தாண்ட வேண்டும் என்கிற வெறி எனக்கு, கண் மறைத்துவிட்டது. வயசு இருக்கிறது என்று எந்த வாயால் சொன்னேனோ, அடுத்த வருஷமே அவள் முழங்கால் போயிற்று, இன்னொரு அரையிறுதியை அவள் பார்க்கவே இல்லை. நீயோ, "என் வாழ்க்கையிலேயே நான் போராடி மீண்ட ஆட்டம் அதுதான்" என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னாய். ஒவ்வொரு தடவையும் நான் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவேன்.

மறுநாள் சங்கத்துப் பெண்ணுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.  அவள், ஆட்டக்கணக்கு மாறாது அம்மா, காரணம் எழுத அதில் இடமும் இல்லை என்றாள். சின்னவளிடம், அக்காவுக்கு எழுதப்போகிறேன் என்றேன். வேண்டாம், அவளிடமிருந்து பிடுங்கினால் எனக்கு வந்துவிடுமா என்று தடுத்தாள். நான் கேட்கவில்லை. கடைசியில், "எழுதறதா இருந்தா நான் பாவம்னு எழுதாதே. அன்னைக்கு நான் நல்லா ஆடினேன்னு எழுது" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். உன் எண்பத்தொரு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன், அன்றைக்கு அந்த முதல் செட்டில் அவள் ஆடிய மாதிரி நீகூட ஆடியதில்லை. இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் வாய் வரவில்லை, நேற்றுத்தான் சொன்னேன். உன்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், என்னைத் திட்டவேண்டுமானால் திட்டு, அவளிடம் மட்டும் பேசாமல் இருந்துவிடாதே.

பாப்பாவின் தடுப்பூசித் தேதியை மறக்காதே, குளிரில் காதை மூடி வை. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா