அப்பாவின் நம்பரை நிறுத்த வேண்டாம்

புவனகிரி

அன்பு மகள் இசைவாணிக்கு, அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அதையே சௌக்கியம் என்று எடுத்துக்கொள். போனில் நீ அழ ஆரம்பித்தால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உன் சித்தி அதையே ஒரு குறையாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், சொல்லட்டும்.

அப்பாவின் செல் நம்பரை நிறுத்திவிடலாம், அது அடிக்க அடிக்க அம்மா உனக்குத்தான் கஷ்டம் என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாய். அது அப்பாவுடைய நம்பர் மட்டும் இல்லையம்மா. அப்பாவும் கூட்டாளிகளும் பட்டாளத்திலிருந்து வந்த புதிதில் ராஜாமணி மாமாவின் தம்பி வெள்ளாற்றுப் பாலத்தில் அடிபட்டு, ஏற்றிப்போக வண்டி கிடைக்காமல் ரோட்டிலேயே உயிரை விட்டான். அந்தக் காரியம் முடிந்த கையோடு அப்பா, ராஜாமணி மாமா, லூர்துசாமி மாமா மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய வேனை வாங்கி ஆம்புலன்ஸ் ஆக்கினார்கள். சுவரில் யார் நம்பரை எழுதுவது என்ற பேச்சு வந்தபோது உன் அப்பாதான் முந்திக்கொண்டார், எதில்தான் முந்தவில்லை. ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் அது சுவரில் இருக்கிறது. 108 வந்த பிறகும் நம் ஜனங்கள் இதற்குத்தான் அடிக்கிறார்கள்.

போன வாரமும் அடித்தது, ஒரு பிரசவக் கேஸ். ஐயா இல்லீங்களா என்று கேட்டார்கள். வண்டி வருது, வாசல்ல ஒரு ஆள் நிக்கட்டும் என்றேன், அவர் சொல்வது அப்படியே வாயில் வந்தது. வண்டியில் டிரைவர் தனியாகப் போகக்கூடாது, பின்னால் ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்பது அவர்கள் வைத்த சட்டம். ராஜாமணி மாமாவுக்கு முட்டி ஆபரேஷன். லூர்துசாமி மாமா வண்டியை எடுக்க, நானே பின்னால் ஏறிவிட்டேன். அக்கா, மாமாவுக்கு முப்பதாம் நாள் கூட கும்பிடல, அதுக்குள்ள வெளிய போறியே என்று சித்தி கத்தினாள். சிதம்பரம் போகும்வரை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினேன், என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. பெண் குழந்தை. சந்தோஷம் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. அன்றைக்கு அப்பா பின்கட்டில் விழுந்ததும் நான் என் போனை எடுத்து, ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த நம்பரைத்தான் அடித்தேன். அது அவர் சட்டைப் பையிலேயே அடித்தது. அப்போதும் நான் வைக்கவில்லை, யாராவது எடுப்பார்கள் என்று காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அது அடித்தால் இனி நான் எடுக்கிறேன். ரீசார்ஜை மட்டும் மறக்காமல் போட்டுவிடு. நீ பேச வேண்டுமானால் என் நம்பருக்கு வா, அந்த லைன் சும்மா இருக்கட்டும். வெயிலில் குழந்தையை அதிகம் அலைக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருங்கள்.

உன் அம்மா
கலியமூர்த்தி மலர்க்கொடி