கருப்பனுக்கு ஒரு குஞ்சு

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

காசிமேட்டில் மீன் விற்கும் ராஜாத்தியிடம் அவளுடைய கருப்புச் சேவலின் இறகுகளைக் கேட்டேன். இறகின் வேரில் உள்ள செல்களை, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களாக்கி, அவற்றிலிருந்து விந்தணுவுக்கு முன்னோடியான செல்களை உருவாக்க வேண்டும். மாத்தூர் ஆய்வகத்தில் இதுதான் எங்கள் வேலை. (ஓய்வு பெற்ற என்னை எதற்கு வைத்திருக்கிறார்களோ!)

"புடுங்கிக்கோ நைனா. கருப்பனுக்கு வயசாயிடுச்சு, பெட்டைங்கள ஏறெடுத்தும் பாக்கறதில்ல. அவன் வாரிசா ஒரு குஞ்சு மட்டும் குட்த்துடு."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். கருப்பன் என் கையைக் கொத்தினான்.

5 பிப்ரவரி

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தச் செல்களை வேறு கோழியின் முட்டைகளில் செலுத்தி, குஞ்சு பொரிவதற்குள் உடைத்துப் பார்ப்பதுதான் திட்டம். குஞ்சே வராது. நாளை சொல்லிவிட வேண்டும்.

6 பிப்ரவரி

சொல்லவில்லை.

30 மார்ச்

இறகு செல்கள் ஸ்டெம் செல்களாகிவிட்டன. நானோ ராஜாத்திக்குப் பயந்து திருவொற்றியூரில் மீன் வாங்குகிறேன். மனைவி ஆவுடையம்மாள் சட்டியைத் தள்ளிவைத்தாள். "காசிமேட்டுல என்னத்த பண்ணித் தொலைச்சிய? மீனு நாறுது." அவளிடமும் சொல்லவில்லை.

12 ஜூன்

முன்னோடி செல்கள் தயார். அடையாளத்துக்குப் பச்சையாக ஒளிரும்படி செய்திருக்கிறோம். ஆய்வகத் தலைவர் ஜெமிமா மேடம், வெள்ளைக்கோழி முட்டைகளுக்குள் வளரும் கருவின் ரத்தத்தில் அவற்றை ஊசியால் செலுத்தினார். என் கை நடுங்கும் என்பதால் முட்டையைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. முட்டையும் நடுங்கியது.

17 ஜூன்

உடைத்துப் பார்த்தோம். விரை உருவாகும் இடத்தில் பச்சைப் புள்ளிகள்! ரத்தத்தோடு போய், சரியான இடத்தில் தாமாகவே இறங்கியிருக்கின்றன. எங்கே இறங்க வேண்டும் என்று யார் சொன்னது? கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

"சார், நிஜம்தான். கொஞ்சம் சிரிங்க" என்றார் மேடம்.

சிரிக்க முடியவில்லை. உடைந்த முட்டைகளைப் பார்த்தேன். ராஜாத்தி...

22 ஜூன், ஞாயிறு

சொல்லிவிட்டேன். வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த ராஜாத்தியின் கத்தி நின்றது.

"இத்த சொல்லத்தான் இத்தினி மாசமா? தெனம் மீனு அறுக்குறவ நானு. முட்ட ஒடச்சா அழுவனா?" பிறகு பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பி, "யக்கோவ் கார்குழலி! இந்த மனுசன் எனக்குப் பயந்துகினு திருவொத்தியூர்ல ஊசிப்போன மீனு துன்னுகினு இருந்துக்கீறாரு!"

சந்தையே சிரித்தது. நானும்தான்.

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள்: "ஒண்ணே ஒண்ண மட்டும் ஒடைக்காம வுட முடியாதா நைனா?"

23 ஜூன்

கூட்டத்தில் எழுந்து நின்றேன். "அடுத்த முறை சில முட்டைகளை உடைக்காமல் பொரிய விடலாமா?" என் குரல்தான்! மேடம் அனுமதி கேட்டு எழுதுகிறாராம்.

14 ஆகஸ்ட்

அனுமதி கிடைத்து, ஒரு குஞ்சு பொரிந்தது. ஆய்வகத்தைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் ராஜாத்திக்குப் படம் அனுப்பினேன். உடனே போன்.

"இன்னா நைனா, மஞ்சளா கீது? கருப்பன் எங்க?"

உடம்பு வெள்ளைக்கோழியுடையது, உள்ளே கருப்பனின் செல்கள் இருக்கின்றன, வளர்ந்து சேவலானதும் அதற்குப் பிறப்பவற்றில் கருப்பன் வரலாம், வராமலும் போகலாம் என்றேன். மறைக்காமல்.

அந்தப் பக்கம் யாருக்கோ மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அப்ப நம்ம ஆளு வாடகை வூட்ல குந்திகினு கீறான்னு சொல்லு. சரி, வூட்டுக்காரனுக்கு வேளாவேளைக்குத் தீனி போடு."

போட்டுவிட்டுத்தான் வந்தேன்.